அச்சு இயந்திரம் போதாது, சூளை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழை இருபத்தைந்து ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல் முறை. காலையில் பேப்பர் வந்ததும் நான் முதலில் தேடுவது 'நாளைய மின்தடை' பகுதியைத்தான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மதுரை வட்டாரக் கல்லூரிகளில் முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்கித் திறந்துவைக்கும் செய்திகளை அடிக்கடி படத்துடன் வெளியிடுகிறீர்கள். பிள்ளைகள் புதிய தொழிலைக் கற்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அப்படிப்பட்ட செய்திகளில் எங்காவது ஓரிடத்தில் 'பொத்தானை அழுத்தினால் பொருள் தயார்' என்ற வரி வந்துவிடுகிறது. ஒளியைக் கொண்டு மிகச் சிறிய செராமிக் பாகங்களை அச்சிடும் வேலையில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். அந்த வரியை நம்பித்தான் நானும் இதில் இறங்கினேன். முதல் பதினான்கு மாதங்களில் ஒரு பாகம்கூட முழுதாகக் கையில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் மண் வேலை செய்யும் வீட்டில் பிறந்தவள். கொலு பொம்மைகளுக்கு எங்கள் ஊர் பெயர் பெற்றது. நவராத்திரிக்கு முந்தைய மாதங்களில் வாசல், திண்ணை, மொட்டைமாடி என்று எங்கும் பொம்மைகள் காயும். வேதியியலில் பட்டம் பெற்று, ஒரு நூற்பாலையின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது என் அண்ணன் மகனும் நானும் கப்பலூர் பக்கத்தில் ஒரு சிறிய அறையை வாடகைக்கு எடுத்து, நூற்பாலை இயந்திரங்களுக்கான செராமிக் கைடுகளைச் செய்கிறோம்.

கைடு என்பது நூல் ஓடும் வழியில் அதைப் பிடித்துத் திசை திருப்பும் சின்னஞ்சிறு வளையம். மில்லைப் பார்க்காதவர்களுக்கு அதன் அருமை தெரிய வாய்ப்பில்லை. நூலைக் கூம்பு வடிவக் கோனில் சுற்றும் இயந்திரத்தில் நூல் நிமிடத்துக்கு ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடுகிறது. பஞ்சு மென்மையானதுதான். ஆனால் அந்த வேகத்தில், இடைவிடாமல், பகலும் இரவும் ஒரே இடத்தில் உரசும் நூல் எஃகையே அறுத்துவிடும். பளபளப்பைக் குறைப்பதற்காக டைட்டானியம் டையாக்சைடு கலந்த பாலியஸ்டர் நூல் என்றால் இன்னும் மோசம், அரம் போலத் தேய்க்கும். கைடில் முடியளவு பள்ளம் விழுந்தால் போதும், நூலில் பிசிறு கிளம்பும், பிறகு அறுந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அந்த இடத்தில் அலுமினா என்னும் செராமிக்கை வைக்கிறார்கள். மாணிக்கமும் நீலக்கல்லும் அடிப்படையில் இதே அலுமினியம் ஆக்சைடுதான், நிறம் மட்டும் அதில் கலந்த மிகச் சிறிய அளவு வேறு உலோகங்களால் வருகிறது. வைரத்துக்கு அடுத்த வரிசையில் நிற்கும் கடினம்.

புதிய இயந்திரத்துக்குக் கைடு கிடைக்கும். முப்பது ஆண்டு பழைய இயந்திரத்துக்குக் கிடைக்காது. செய்த நிறுவனமே அந்த மாதிரியைக் கைவிட்டிருக்கும். அலுமினாப் பாகத்தை வழக்கமான முறையில் செய்ய வேண்டுமானால், பொடியை எஃகு அச்சில் வைத்து அழுத்த வேண்டும் அல்லது அச்சுக்குள் பீய்ச்சி நிரப்ப வேண்டும். அச்சு செய்யவே பெரும் பணம் ஆகும். ஆயிரக்கணக்கில் பாகங்கள் வேண்டுபவருக்குத்தான் அது கட்டுப்படியாகும். நாற்பது கைடு வேண்டும் என்று வரும் சிறிய மில்காரரை எல்லோரும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் வேலை பார்த்த இடத்திலும், நல்ல நிலையில் இருந்த ஒரு வரிசை இயந்திரங்களைக் கைடு கிடைக்காத ஒரே காரணத்தால் பழைய இரும்பு விலைக்குத் தள்ளினார்கள். ஏற்றிச் சென்ற லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இயந்திரங்களில் வேலை பார்த்த பெண்கள் பதினோரு பேரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், சிலர் மூன்று மாதங்களில் நின்றுவிட்டார்கள். இந்தத் தொழிலுக்கு நான் வந்ததற்கு அதுதான் காரணம்.

எங்கள் ஊரில் அச்சு என்றால் பொம்மையின் உருவத்தைக் குழிவாகக் கொண்ட வார்ப்பு. முப்பரிமாண அச்சு என்பதில் அந்த அச்சே கிடையாது. அச்சில்லாமல் வார்ப்பதற்கு அச்சு என்று பெயர் வந்துவிட்டது. பெயர் எப்படியோ போகட்டும், அச்சுச் செலவு இல்லை என்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு இதில் கிடைக்கும் பெரிய வரம். நாற்பது வேண்டும் என்றால் நாற்பது செய்யலாம், நான்கு வேண்டும் என்றாலும் செய்யலாம்.

வேலை நடக்கும் விதம் இது. ஒளி பட்டால் இறுகும் திரவப் பிசின் ஒன்று இருக்கிறது. பல் மருத்துவர் சொத்தையை அடைத்துவிட்டு நீல ஒளியைக் காட்டி இறுக வைப்பாரே, அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தப் பிசினில் அரை மைக்ரான் அளவுள்ள அலுமினாப் பொடியைக் கலந்து குழைக்கிறோம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கன அளவில் நூற்றுக்கு 45 பங்கு பொடி. எடையில் பார்த்தால் முக்கால் பங்கு பொடிதான். சிர்கோனியா என்னும் கடினமான செராமிக்கால் ஆன உருண்டைகள் போட்ட சாடியில் இரவு முழுவதும் உருட்டினால், காலையில் கெட்டித் தயிர் போல வரும். இந்தப் பசையை மெல்லியதாகப் பரப்பி, அதன் மேல் 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா ஒளியைப் படம் போலக் காட்ட வேண்டும். ஒளி பட்ட இடம் இறுகும், படாத இடம் பசையாகவே நிற்கும். ஒரு அடுக்கு 30 மைக்ரான், தலைமுடியின் பாதித் தடிமன்கூட இல்லை. தட்டு சற்றே உயரும், புதிய பசை பரவும், அடுத்த அடுக்கின் படம் விழும். எங்கள் கைடு ஒன்றுக்குச் சுமார் 170 அடுக்குகள்.

இந்த அறிவு நேற்று வந்ததல்ல. ஒளியால் பிசினை அடுக்கடுக்காக இறுக்கும் முறையை ஜப்பானின் நகோயாவில் ஹிடியோ கொடாமா 1981இல் வெளியிட்டார். அமெரிக்காவின் சக் ஹல் 1984இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1986இல் பெற்றார். அந்தப் பிசினுக்குள் செராமிக் பொடியைக் கலந்து செய்யலாம் என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மிஷெல் கிரிஃபித்தும் ஜான் ஹாலரனும் 1996இல் விரிவாக எழுதினார்கள். வியன்னாவின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்விலிருந்து 2011இல் லித்தோஸ் என்ற நிறுவனம் பிறந்து, இதற்கென்றே இயந்திரங்கள் செய்து விற்கிறது. விமான இயந்திரங்களின் டர்பைன் இறக்கைகளை வார்க்கும்போது உள்ளே குளிர்காற்றுப் பாதை விழுவதற்காக வைக்கும் செராமிக் கருவைக்கூட இப்போது இந்த முறையில் அச்சிடுகிறார்கள். எங்களால் வாங்க முடிந்தது மேசை மேல் வைக்கும் சாதாரணப் பிசின் அச்சு இயந்திரம்தான். பசையைப் பரப்பும் தகட்டை அண்ணன் மகனே லேத்துப் பட்டறையில் செய்து அதில் பொருத்தினான்.

முதல் தடங்கல் ஒளியிலேயே வந்தது. தெளிந்த பிசினில் ஒளி நேராக இறங்கும். அலுமினா கலந்த பசை பால் போல வெள்ளை. ஒவ்வொரு துகளும் ஒளியைப் பக்கவாட்டில் சிதறடிக்கும். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். பிசினுக்கு அது ஏறத்தாழ 1.5, அலுமினாவுக்கு 1.77. இந்த வித்தியாசம் கூடக்கூடச் சிதறலும் கூடும். படத்தில் கோடு எங்கே முடிகிறதோ அதையும் தாண்டி ஒளி கசிந்து, பக்கத்துப் பசையையும் இறுக்கிவிடும். கைடில் நூலை நுழைக்க 0.6 மில்லிமீட்டர் பிளவு ஒன்று வேண்டும். முதல் முப்பது பாகங்களில் அந்தப் பிளவு அடைந்தே போனது. ஒளி காட்டும் நேரத்தைக் குறைத்தோம், அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சீட்டுக்கட்டு போலப் பிரிந்தன. கூட்டினோம், பிளவு மூடிக்கொண்டது. நேரத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு வீதம் மாற்றி, ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்து, பிளவையும் வரைபடத்தில் வேண்டுமென்றே அகலமாக வரைந்து, ஒருவழியாகச் சரிசெய்ய நான்கு மாதங்கள் ஆயின. சிலிக்கான் கார்பைடு போன்ற கரும்பொடியில் செய்கிறவர்கள் பாடு இன்னும் கடினம். அது ஒளியை விழுங்கியே விடும்.

ஆனாலும் அந்த நான்கு மாதங்களை நான் குறையாகச் சொல்லவில்லை. அது இயந்திரத்தோடு பழகும் காலம், எந்தத் தொழிலுக்கும் உண்டு. எங்களை உட்கார வைத்தது அதற்குப் பின் வந்த கட்டம்.

அச்சு இயந்திரத்திலிருந்து வெளியே வருவது செராமிக் அல்ல. இதைத்தான் செய்திகள் சொல்வதில்லை. பொடியைப் பிசின் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு பொருள் அது, நகத்தால் கீறினால் கோடு விழும். சுடாத மண் கலத்தை நாங்கள் பச்சைக் கலம் என்போம். செராமிக் துறையினர் ஆங்கிலத்திலும் இதைப் பச்சை என்றே சொல்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை. பச்சைக் கலத்திலிருந்து பிசின் முழுவதையும் எரித்து வெளியேற்ற வேண்டும். பிறகு பொடித் துகள்கள் ஒன்றோடொன்று கூடிக் கல்லாகும்வரை சுட வேண்டும். அலுமினாவுக்கு அது 1600 டிகிரி செல்சியஸ். இரும்பு உருகுவதே 1538 டிகிரியில்தான்.

பிசின் 150 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கி, 500 டிகிரிக்குள் வாயுவாக மாறி வெளியேறுகிறது. அந்த வாயு வெளியே வர வழி வேண்டும். வேகமாகச் சூடேற்றினால் உள்ளே வாயு திரண்டு, அடுக்குகளைப் பிளந்துகொண்டு வரும். எங்கள் முதல் கைடுகள் சூளையிலிருந்து வந்தபோது, பழைய புத்தகத்தின் தாள்கள் விரிந்தது போல இருந்தன. இரண்டாம் முறை பாதியாக உடைந்தன. மூன்றாம் முறை முழுதாக வந்தது போலத் தெரிந்தது, மையைத் தடவித் துடைத்தபோது முடியை விட மெல்லிய விரிசல்கள் நீலமாகத் தெரிந்தன. இயந்திரத்தை விற்றவரிடம் கேட்டோம். அச்சு சரியாகத்தானே வருகிறது, சுடுவது எங்கள் வேலையல்ல என்று சொல்லிவிட்டார். விற்கும்போது அவர் சூளை என்ற சொல்லையே எடுக்கவில்லை.

அன்று இரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது அப்பாவின் சூளை நினைவுக்கு வந்தது. பொம்மைகளை அடுக்கியதும் அவர் பெரிய தீ வைக்க மாட்டார். வாயில் ஓரத்தில் கொஞ்சம் தேங்காய் மட்டையை வைத்து மூட்டம் மட்டும் போடுவார். புகை மெல்ல மேலே வரும். மணிக்கணக்கில் அப்படியே விடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்த நான், "இன்னும் தீ வைக்கவில்லையா அப்பா?" என்று கேட்பேன். "மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் நடந்துதான் வெளியே வரும் தாயி, விரட்டினால் சுவரை உடைத்துக்கொண்டு ஓடும்" என்பார். பிசினும் நடந்துதான் வெளியே வர வேண்டும்!

மறுநாள் சூளைக் கணக்கை மாற்றினோம். 150 டிகிரியிலிருந்து 500 டிகிரி வரை நிமிடத்துக்குக் கால் டிகிரி வீதம். அந்த 350 டிகிரியைக் கடக்க மட்டும் இருபத்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாகங்களைத் தட்டில் நேராக வைக்காமல், அலுமினாப் பொடியைத் தூவி அதன் மேல் வைத்தோம். அப்பா பொம்மைகளுக்கு அடியில் சாம்பலும் உமியும் பரப்புவது எதற்காக என்பதும் அப்போதுதான் விளங்கியது. சுருங்கும்போது கலம் நகர்வதற்கு இடம் வேண்டும். அந்த ஏற்றத்தில் பன்னிரண்டு கைடுகளில் ஒன்பது முழுதாக வந்தன. அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த ஒன்பதில் ஒன்றை அவர் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

இந்த முறை ஏன் சின்னஞ்சிறு பாகங்களுக்கே பொருந்துகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. சுவர் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன் என்றால் வாயு வெளியேறும் வழி குறுகியது. விரலளவு தடிமன் என்றால் உள்ளே இருக்கும் பிசின் வெளியே வருவதற்குள் கலம் வெடித்துவிடும். என்னிடம் வந்து செராமிக்கில் பெரிய சிலை அச்சிடலாமா என்று கேட்பவர்களுக்கு, அதற்கு எங்கள் விளாச்சேரிக் கைகளே மேல் என்று சொல்லி அனுப்புகிறேன்.

சுருக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பிசின் போன இடமெல்லாம் வெற்றிடம். 1600 டிகிரியில் துகள்கள் நெருங்கி அந்த வெற்றிடத்தை மூடும்போது கைடு நீள அகலங்களில் நூற்றுக்கு 23 பங்கு சுருங்குகிறது. 6 மில்லிமீட்டர் கைடு வேண்டும் என்றால் 7.8 மில்லிமீட்டராக அச்சிட வேண்டும். பக்கவாட்டுச் சுருக்கமும் உயரச் சுருக்கமும் ஒன்றல்ல, இரண்டையும் தனித்தனியே அளந்து வைக்க வேண்டும். பொடியின் பங்கு ஒரு சதவீதம் மாறினாலும் கணக்கு மாறும். மண் குழைக்கும்போதே, காய்ந்தால் இவ்வளவு குறையும் என்று விரலால் அளந்து சொல்லும் பெரியவர்கள் எங்கள் தெருவில் இன்றும் இருக்கிறார்கள்.

இப்போது மின்தடைக்கு வருகிறேன். பிசினை எரிக்க எங்களிடம் 1100 டிகிரி வரை போகும் சிறிய மின்சூளை இருக்கிறது. ஏற்றி இறக்க முழுதாக இரண்டு நாட்கள். நடுவில் 300 டிகிரியில் மின்சாரம் நின்று சூளை குளிர்ந்து மீண்டும் ஏறினால், அந்த ஏற்றம் முழுவதும் வீண். மாதாந்திரப் பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் எந்த நாள் மின்சாரம் நிறுத்தப்படும் என்பதை உங்கள் நாளிதழில் பார்த்துத்தான் ஏற்றும் நாளைக் குறிக்கிறேன். அந்தச் சிறிய பகுதியை இடநெருக்கடி வரும் நாட்களில் விட்டுவிடுகிறீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். அதை நம்பி வேலை நாளைக் குறிப்பவர்கள் இருக்கிறோம்.

எங்கள் சூளையிலிருந்து வரும் கைடு சுண்ணக்கட்டி போல இருக்கும், இரண்டு விரலால் அழுத்தினால் நொறுங்கும். அதை 1600 டிகிரியில் சுட எங்களிடம் வசதி இல்லை. சாதாரணச் சூளையின் கம்பிச் சுருள் அந்த வெப்பத்தைத் தாங்காது. மாலிப்டினம் டைசிலிசைடு தண்டுகள் வேண்டும், வெப்பத்தை அளக்கவே பிளாட்டினம்-ரோடியம் கம்பிகள் வேண்டும். அந்தச் சூளையின் விலை எங்கள் அச்சு இயந்திரத்தின் விலையைப் போல இருபது மடங்கு. மதுரையில் பல் செராமிக் செய்யும் கூடம் ஒன்றில் சிர்கோனியாவுக்கான சூளை இருப்பதை அறிந்து போய்க் கேட்டோம். அவர்கள் சூளை 1550 டிகிரிக்கு மேல் போகாது, எங்கள் பாகத்தில் மிச்சப் பிசின் இருந்தால் புகை படிந்து அவர்கள் பற்களின் நிறம் கெடும் என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம். கல்லூரி ஒன்றில் தகுந்த சூளை இருந்தது. வெளியாருக்குத் தர விதியில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். விதி வேண்டி ஓர் அலுவலகத்துக்கு ஏழு முறை போனேன். ஏழாம் முறை, முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்க மானியம் இருக்கிறது, விண்ணப்பியுங்கள் என்றார்கள். அச்சு இயந்திரம் என்னிடம் இருக்கிறது, சூளைதான் வேண்டும் என்றேன். சூளை என்றால் செங்கல் சூளையா என்று கேட்டார்கள்.

அதனால் இப்போது கோயம்புத்தூருக்குப் போகிறோம். அங்கே ஒரு தனியார் கூடத்தில் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்துச் சுடுகிறோம். சுண்ணக்கட்டி போன்ற கைடுகளைப் பஞ்சில் பொதிந்து, டிபன் பாக்ஸில் அடுக்கி, ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, ஐந்தாறு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு போகிறேன். சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம் பாக்ஸைக் கையால் தூக்கிப் பிடிப்பேன். போன மாதம் நாற்பதில் ஏழு வழியிலேயே உடைந்தன. ஒரு கைடின் விலையில் பெரும்பங்கு பஸ்ஸுக்கும் சூளை வாடகைக்கும் உடைந்ததற்குமே போகிறது. அப்படியும் வாங்குகிறார்கள், ஏனென்றால் வேறு எங்கும் கிடைப்பதில்லை. சுட்டு வந்த கைடைத் தண்ணீரில் எடை பார்த்து அடர்த்தி கணக்கிடுவேன். கன சென்டிமீட்டருக்கு 3.9 கிராமுக்குக் குறைந்தால் தனியே எடுத்து வைத்துவிடுவேன். கண்ணாடி மேல் போட்டால் 'கிண்' என்று ஒலிக்க வேண்டும். பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் ஊர்க்காரிக்கு அந்த ஒலிதான் கடைசிச் சான்று. எங்கள் முதல் கைடுகள் ஒரு சிறிய மில்லில் பதினெட்டு மாதங்களாக ஓடுகின்றன. போய்ப் பார்த்தேன், பள்ளம் விழவில்லை.

என் கோரிக்கைக்கு வருகிறேன். குறு, சிறு தொழில்கள் சேர்ந்து பயன்படுத்தப் பொது வசதி மையம் அமைக்க அரசுத் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மதுரையில் கப்பலூரிலோ கே.புதூரிலோ உள்ள தொழிற்பேட்டையில் அப்படி ஒரு மையத்தில் 1600 டிகிரிக்கு மேல் போகும் ஒரு சூளை, பிசின் எரிக்கப் புகைபோக்கியுடன் தனிச் சூளை ஒன்று, மின்சாரம் நின்றாலும் அவை ஓட ஒரு ஜெனரேட்டர், இவ்வளவு இருந்தால் போதும். இருபது அச்சு இயந்திரங்களுக்கு ஒரு சூளை தாங்கும், ஒரு டிபன் பாக்ஸ் அளவு இடத்தில் நாற்பது கைடு சுட முடிகிறதே. கல்லூரிகள் பத்து அச்சு இயந்திரம் வாங்கும் இடத்தில் எட்டு வாங்கிவிட்டு, மிச்சத்தை ஒன்றாகப் போட்டால்கூட நடக்கும். அச்சிட்ட பச்சைக் கலங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்சிக்கு வைத்திருக்கும் ஒரு கூடத்தைப் பார்த்தேன். சுடவே இல்லை. அதைச் செய்த மாணவிகளிடம் பேசினேன். கெட்டிக்காரப் பிள்ளைகள், ஒளிவிலகல் எண்ணை என்னைவிட நன்றாகச் சொன்னார்கள். சூளையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்றார்கள். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

சுடக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்றால் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. கொல்கத்தாவில் மத்திய கண்ணாடி, செராமிக் ஆராய்ச்சி நிறுவனம் 1950இலிருந்து இயங்குகிறது. அவர்களிடமிருந்து பாடத்தைப் பெறலாம். பக்கத்தில் விளாச்சேரியிலும், கடத்துக்குப் பெயர்போன மானாமதுரையிலும் தீயைப் பார்த்தே பதம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இந்தத் தொழிலை விட்டு டெலிவரி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை ஐ.டி.ஐ.யில் சேர்த்து உயர்வெப்பச் சூளையைக் கற்றுத்தாருங்கள். என் அண்ணன் மகன் பத்தாம் வகுப்பில் தவறியவன்தான். இன்று சூளையின் வெப்ப வரைபடத்தைப் பார்த்தே, "அத்தை, 380 டிகிரியில் இன்னும் ஒரு மணி நேரம் நிறுத்துவோம்" என்று சொல்கிறான். பெரும்பாலும் அவன் சொல்வதுதான் சரியாக இருக்கிறது.

நுட்பமான சிறு பொருள்களை மதுரையில் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்புரை அறுவைக்குப் பின் வைக்கும் லென்ஸ் ஒருகாலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தது, ஏழைக்கு எட்டாத விலை. அரவிந்த் கண் மருத்துவமனையின் துணையோடு ஆரோலேப் என்ற நிறுவனம் 1992இல் அதை இங்கேயே செய்யத் தொடங்கியது. என் அம்மாவின் இரண்டு கண்களிலும் இருப்பது மதுரையில் செய்த லென்ஸ். நூலுக்கான கைடு அதைவிடச் சிரமமான பொருளல்ல.

இந்த வேலையில் இறங்க நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இறுகாத பிசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்தால் அது விடாது. என் இடது மணிக்கட்டில் இன்னும் தடிப்பு இருக்கிறது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பொடியைக் கையாளும்போது முகக்கவசம் அணியுங்கள். கழுவிய கரைப்பானைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அது கடைசியில் நம் கண்மாய்க்குத்தான் போகும். நாங்கள் மிச்சப் பசையை வெயிலில் வைத்து முழுதாக இறுக்கிய பிறகே அப்புறப்படுத்துகிறோம். பிசின் எரியும் புகைக்குச் சூளையின் மேல் குழாய் வைத்துக் கூரைக்கு மேலே விடுங்கள். வீட்டுக்குள் செய்யவே கூடாது.

அடுத்த ஏற்றம் வரும் செவ்வாய்க்கிழமை. தேனிப் பக்கத்து மில் ஒன்று அறுபது கைடுகளுக்காகக் காத்திருக்கிறது. உடைவதையும் கணக்கில் எடுத்து எழுபத்தைந்து அச்சிட்டு வைத்திருக்கிறோம். மதுரை, திருமங்கலம், மேலூர் பகுதிகளில் யாரிடமாவது 1600 டிகிரிக்குப் போகும் சூளை பயன்படாமல் இருந்தால், தயவுசெய்து ஆசிரியர் வழியாக எனக்குத் தெரிவியுங்கள். முழு வாடகை தருகிறேன். பிசினை எங்கள் சூளையிலேயே முழுதாக எரித்து, சுத்தமாகத்தான் கொண்டுவருவேன். வந்து நின்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஏற்றுவதிலிருந்து இறக்குவது வரை எல்லாவற்றையும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
விளாச்சேரி வாசகி,
மதுரை மாவட்டம்.